கைக்குழந்தையோடு தனியே: சென்னையிலிருந்து திருகோணமலைக்கு

வியாழன் இரவு, சென்னை

நாளை காலை விமானம். கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்காவில் இறங்கி, வான் வண்டியில் திருகோணமலை. திங்கட்கிழமை திரும்பல். கூட வேறு பெரியவர் இல்லை. மடியில் ஏழு மாதப் பிள்ளை, எட்டுக் கிலோ.

தனியே போகும் தாய்க்கு வேலைக்கு மிஞ்சுவது ஒரு கைதான். மற்றக் கை பிள்ளைக்கு. எதை எடுத்து வைத்தாலும் அதை ஒற்றைக் கையால் திறக்கவோ மடிக்கவோ தூக்கவோ முடியுமா என்று பாருங்கள். முடியாதது எல்லாம் சரக்குப் பெட்டிக்குள் போகட்டும். தள்ளுவண்டிலை வீட்டிலேயே சோதிக்கலாம்: எட்டுக் கிலோ அரிசிப் பையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் மடித்துப் பாருங்கள். மடங்காத வண்டில் பாதுகாப்புச் சோதனையில் உங்களை நடுவழியில் நிறுத்திவிடும். சில்லு வைத்த கைப்பெட்டியும் வேண்டாம். பிள்ளையை வைத்துக்கொண்டு அதை மேல்தட்டுக்குத் தூக்க முடியாது. முதுகுப்பை ஒன்று, கழுத்தில் தொங்கும் சிறு பை ஒன்று போதும். தோள்பை குனியும்போதெல்லாம் முன்னுக்கு வழுக்கி வந்து பிள்ளையின் முகத்தில் இடிக்கும்.

கழுத்துப் பைக்குள் பத்திரங்கள். மடியில் வரும் பிள்ளைக்கும் கடவுச்சீட்டும் பயணச்சீட்டும் தனியே வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு என்றால் இலங்கைக்கான ஈ.டி.ஏ என்னும் இணையவழிப் பயண அனுமதியும் பிள்ளையின் பெயரில் தனியாக எடுக்க வேண்டும். கடவுச்சீட்டு இலக்கத்தை இரண்டு தரம் ஒப்பிட்டுப் பாருங்கள். ஓரெழுத்துத் தவறினாலும் கவுண்டரில் நின்றுபோவீர்கள்.

நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கல் பெயர். பிள்ளையின் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தகப்பன் பெயர் நிற்கும். தாயின் கடவுச்சீட்டில் அவருடைய தகப்பன் பெயர் நிற்கும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் அதிகாரிக்கு இவர்கள் தாயும் பிள்ளையும் என்று காட்ட ஒன்றுமில்லை. அதனால் பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதியும் ஒரு நகலும் கையில் இருக்கட்டும். தகப்பன் கையொப்பமிட்ட சம்மதக் கடிதம் ஒன்றும், அவருடைய அடையாள அட்டை நகலோடு, வைத்துக்கொள்ளுங்கள். எல்லா இடத்திலும் கேட்கமாட்டார்கள். கேட்கும் இடத்தில் அது இல்லாவிட்டால் பதில் சொல்ல வழியே இல்லை.

பம்பர்ஸ் கணக்கு: வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல்வரை பன்னிரண்டு மணித்தியாலம். இரண்டு மணிக்கு ஒன்றாக ஆறு, வயிறு குழம்பினால் மூன்று, ஆக ஒன்பது. இவற்றைக் கட்டாக வைக்காதீர்கள். ஒரு பம்பர்ஸ், நான்கு ஈரத்துடைப்பான், அழுக்கைப் போட ஒரு பொலித்தீன், இவை சேர்ந்தது ஒரு பொதி. அப்படி ஒன்பது பொதி. விமானக் கழிவறைக்குள் பையைத் திறந்து தேட இடமுமில்லை, கையுமில்லை. பொதி ஒன்றை இழுத்தால் போதும். பிள்ளைக்கு மாற்றுடுப்பு இரண்டு சோடி, தாய்க்கு மேற்சட்டை ஒன்று. சத்தி எடுக்கிற பிள்ளை தன் உடுப்பில் மட்டும் எடுப்பதில்லை.

மருந்தில் ஒரு எச்சரிக்கையைப் பெரிய எழுத்தில் எழுதவேண்டும். பரசிற்றமோல் பாணி இலங்கையில் பெரும்பாலும் 5 மி.லீ.க்கு 120 மி.கி. இந்தியாவில் 5 மி.லீ.க்கு 250 மி.கி. உள்ளதும் விற்கிறது. சொட்டு மருந்தோ 1 மி.லீ.யிலேயே 100 மி.கி. அளவு என்பது மி.லீ. அல்ல, மி.கி. தான்: கிலோ ஒன்றுக்கு 15 மி.கி. எட்டுக் கிலோப் பிள்ளைக்கு 120 மி.கி., அதாவது இலங்கைப் பாணியில் 5 மி.லீ. அதே 5 மி.லீ. சொட்டு மருந்தில் 500 மி.கி. ஆகிவிடும். வீட்டில் பழகிய போத்தலையும் அதனோடு வந்த அளவுக் குழாயையும் சேர்த்து ஒரே உறையில் கட்டி எடுங்கள். ஊர் மாறினதும் புதுப் போத்தல் வாங்கிப் பழைய குழாயால் அளக்கவே கூடாது.

பால்மா குடிக்கும் பிள்ளைக்கு முழுப் பயணத்துக்கும் அதே ரின்னிலிருந்து, அதே கரண்டியோடு எடுங்கள். கரண்டி அளவு மாவுக்கு மா வேறுபடும். கேத்தலோ பால் எடுக்கும் கருவியோ கொண்டுபோனால் சதுர மூன்று முள் அடைப்பானும் வேண்டும். இலங்கையில் புதிய கட்டடங்கள் பெரும்பாலும் அதுதான்.

வெள்ளி, வானிலும் வானத்திலும்

விமான நிலையத்துக்கு மூன்று மணித்தியாலம் முன்பே வருவது இந்த முறை அவசியம். குழந்தை இருக்கும் பயணச்சீட்டுக்குப் பல நிறுவனங்கள் இணையத்தில் போர்டிங் அட்டை தருவதில்லை, பத்திரத்தைக் கவுண்டரில் பார்த்துத்தான் தருவார்கள். அங்கேயே மூன்று விஷயம் கேளுங்கள். வண்டிலை விமான வாசல்வரை கொண்டுபோகலாமா? இறங்கும்போது அது வாசலில் கிடைக்குமா, பெட்டிப் பட்டியில் வருமா? பக்கத்து இருக்கை காலியாக உள்ள வரிசை ஏதும் உண்டா? இரண்டாவது கேள்விக்குப் பதில் பட்டி என்றால், இறங்கியபின் நடக்கும் தூரம் முழுவதும் பிள்ளை உங்கள் மேல்தான். பிள்ளையை உடம்போடு கட்டும் கேரியரை முதுகுப்பையின் மேலறையில் வையுங்கள்.

இருக்கை எதுவென்றால், சன்னலோரம். நடைவழி இருக்கையை எழும்பி நடக்க வசதி என்று பலர் சொல்வார்கள். ஆனால் சுடுதேநீர் வண்டி உரசிப் போவது நடைவழியில்தான், பிள்ளையின் கை நீளுவதும் அந்தப் பக்கம்தான். சன்னலோரம் பால் கொடுக்கவும் மறைவு. அவசர வாசல் வரிசையில் குழந்தையோடு இருக்க விடமாட்டார்கள். ஒரு பக்கத்து மூன்று இருக்கைக்கு ஒட்சிசன் முகமூடி பெரும்பாலும் நான்குதான் இருக்கும். ஒரே வரிசையில் இரண்டு கைக்குழந்தைகளை வைக்காததற்குக் காரணம் அதுதான். இந்தக் குறுந்தூர விமானங்களில் தொட்டிலை எதிர்பார்க்க வேண்டாம்.

பாதுகாப்புச் சோதனையில் ஒழுங்கு முக்கியம். முதலில் முதுகுப்பை பட்டியில். அடுத்து பால், சுடுதண்ணிப் பிளாஸ்க், மசித்த சாப்பாடு, மூன்றையும் வெளியே எடுத்துத் தட்டில் வைத்து, "குழந்தைக்கு" என்று கேட்கும் முன்பே சொல்லுங்கள். கைப்பைத் திரவத்துக்கான 100 மி.லீ. கட்டுப்பாடு பிள்ளையின் பாலுக்கும் உணவுக்கும் இல்லை, பயணத்துக்குத் தேவையான அளவு விடுவார்கள். சில இடத்தில் ஒரு மிடறு குடித்துக் காட்டச் சொல்வதுண்டு. பிள்ளையை வண்டிலிலிருந்து எடுப்பது கடைசி வேலை. எடுத்ததும் ஒற்றைக் கையால் மடித்துப் பட்டியில் தள்ளிவிட்டு, பெண்களுக்கான திரைக்குள் பிள்ளையோடே போகலாம். முதலிலேயே பிள்ளையைத் தூக்கிவிட்டால் மற்ற எல்லா வேலையும் இரட்டிப்பாகும். பவர் பாங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் கூடாது.

இனிக் காது. பயணத்தின் கடினமான பகுதி இதுவே, அதனால் சற்று விரிவாக.

காதின் உட்புறத்தையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் குழந்தைக்குக் குட்டை, ஒடுக்கம், கிட்டத்தட்டக் கிடையாக இருக்கும். விழுங்கும்போதுதான் அது திறக்கும். ஏறும்போது உள்ளிருக்கும் காற்று தானாகவே வெளியேறிவிடும். இறங்கும்போது வெளியழுத்தம் கூடி, குழாய் ஒட்டிக்கொள்ளும். ஆகவே நோவு பெரும்பாலும் இறக்கத்தில்தான். எல்லாரும் ஓடுதளத்தில் நகரத் தொடங்கியதுமே பாலைக் கொடுத்துவிடுகிறார்கள். விமானம் வரிசையில் இருபது நிமிடம் நின்றால், பறக்க முன்பே பால் முடிந்துவிடும். சென்னை–கொழும்பு ஒன்றேகால், ஒன்றரை மணித்தியாலம். இறக்கம் தரைதட்டுவதற்கு ஏறக்குறைய 25 நிமிடத்துக்கு முன் தொடங்கும். ஏறும்போது வயிறு முட்டக் குடித்த பிள்ளை ஒரு மணித்தியாலத்தில் மறுபடி குடிக்காது.

ஆகவே பாலைப் பாதியாக்குங்கள். 120 மி.லீ. குடிக்கும் பிள்ளைக்கு 60 மி.லீ. இரண்டு சிறு போத்தல். சக்கரம் தரையை விட்டு எழும்பும் நேரம் முதலாவது. இயந்திரச் சத்தம் தணிந்து மூக்குச் சற்றுத் தாழும்போது இரண்டாவது. தாய்ப்பால் என்றால் ஏறும்போது ஒரு பக்கம், இறங்கும்போது மறுபக்கம். தூங்கும் பிள்ளையை இறக்கத்தில் எழுப்பலாமா என்று கேட்பார்கள். எழுப்பலாம் என்பதே என் பக்கம். தூக்கத்தில் விழுங்குவது குறைவு, பாதி இறக்கத்தில் நோவோடு எழும்பினால் ஆற்றுவது கடினம். பால் மறுத்தால் சூப்பி, ஆறு மாதம் கடந்ததென்றால் கரண்டியால் தண்ணீர். எதுவும் எடுபடாமல் அழுதால் பயப்படாதீர்கள், அழுகைக்கு நடுவே விழுங்கவும் செய்யும். சளியடைப்போ காதுநோவோ இருந்தால் போவதற்கு முன் வைத்தியர் காதைப் பார்க்கட்டும்.

பால்மா கரைப்பதில் ஒன்று. மாவு கிருமியற்றதல்ல. 70 பாகைக்குக் குறையாத சுடுதண்ணீரில் கரைத்து, பிறகு ஆறவைக்க வேண்டும். விமானத் தொட்டித் தண்ணீரை நம்பாமல் கொதித்த நீரை நல்ல பிளாஸ்கில் கொண்டுபோங்கள். ஏறச் சொல்லி அழைப்பு வந்ததும் இரண்டு போத்தலையும் கரைத்து, மூடி, குளிர்நீர்க் கோப்பையில் ஆற்றுங்கள். கரைத்ததிலிருந்து இரண்டு மணித்தியாலம்வரைதான். பிள்ளை வாய்வைத்த மிச்சத்தை அடுத்த நேரத்துக்கு வைக்கவே கூடாது.

மடிப்பட்டி போடும் முறை: பணிப்பெண் தரும் சிறு பட்டியின் நாடாவளையத்துக்குள் உங்கள் பட்டியைக் கோர்த்து, உங்கள் இடுப்பில் முதலில் பூட்டுங்கள். பிறகு பிள்ளையை மடியில் இருத்திச் சிறு பட்டியை அதன் வயிற்றைச் சுற்றிப் பூட்டுங்கள். இருவரையும் சேர்த்து ஒரே பட்டிக்குள் போடுவது ஆபத்து: விமானம் சடுதியாக நின்றால் உங்கள் பாரம் முழுவதும் பிள்ளைமேல் விழும். ஏறும்போதும் இறங்கும்போதும் கேரியரைக் கழற்றச் சொன்னால் கழற்றிவிடுங்கள், அது பட்டிக்கு ஈடல்ல.

கட்டுநாயக்காவில் இறங்கினால் மணிக்கூட்டை மாற்றத் தேவையில்லை, இரு நாட்டுக்கும் ஒரே நேரம். பிள்ளையின் தூக்கம் குழம்பாத பயணம் இது. வருகை மண்டபத்தில் சிம் வாங்கி, பம்பர்ஸ் மாற்றி, வானுக்கு.

வானை முன்கூட்டியே பேசும்போது பின்னிருக்கைப் பட்டி வேலை செய்கிறதா என்று படம் கேட்டு வாங்குங்கள். பல வான்களில் இடுப்புப் பட்டி மட்டுமே உண்டு, சில பட்டிகள் இருக்கைக்குள் புதைந்து கிடக்கும். குழந்தை இருக்கை வாடகைக்கு இருக்கும் என்று எண்ண வேண்டாம். கொண்டுபோகும் இருக்கை இடுப்புப் பட்டியால் மட்டும் கட்டக்கூடியதா என்று அதன் கைநூலில் பாருங்கள். பிள்ளையின் முகம் வானின் பின்பக்கம் பார்க்க, பின்னிருக்கையில் கட்ட வேண்டும். காற்றுப்பை உள்ள முன்னிருக்கையில் ஒருபோதும் வைக்காதீர்கள்.

குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழி ஏறக்குறைய ஆறு மணித்தியாலம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிறுத்தி, பிள்ளையை இருக்கையிலிருந்து எடுத்து நிமிர்த்தி, பால் கொடுத்துப் புறப்படுங்கள். ஓடும் வானில் பிள்ளையைக் கழற்றிப் பால் கொடுப்பது நம்மூரில் வழக்கமே, ஆனால் செய்யாதீர்கள். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் காடு. பொழுதுபட்டால் யானை தெருவுக்கு வரும். இருட்ட முன் அதைத் தாண்டவேண்டும் என்றால் கட்டுநாயக்காவிலிருந்து முற்பகல் பதினொரு மணிக்குள் புறப்பட வேண்டும். மதியத்துக்குப் பிறகு இறங்கும் விமானம் என்றால் தம்புள்ளையில் இரவு தங்குவதே புத்தி.

திருகோணமலையின் விமான நிலையமான சீனக்குடாவுக்குச் சிறு விமானமும் உண்டு. ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் வந்துவிடலாம். ஆனால் அது அழுத்தம் ஈடுசெய்யாத ஒற்றை இயந்திர விமானம், சத்தம் அதிகம், பொதி எடைக்கும் கண்டிப்பு. காது மூடும் கவசம் இல்லாமல் பிள்ளையை ஏற்றாதீர்கள்.

சனி, திருகோணமலை

கச்சான் காற்று வீசுகிறது. காற்று இருந்தாலும் அது வெக்கைக் காற்று, வேர்வை உடனே காய்ந்துவிடுவதால் பிள்ளை தண்ணீர் இழப்பது தெரியாது. ஒரு நாளைக்கு ஆறு ஈரப் பம்பர்ஸாவது வருகிறதா என்று எண்ணுங்கள். குறைந்தால், நாக்கு வறண்டால், உச்சிக்குழி தாழ்ந்தால் பால் போதவில்லை.

இங்கேதான் வீட்டுப் பெரியவர்களோடு இதமாகப் பேச வேண்டியிருக்கும். "பிள்ளைக்குக் கொஞ்சம் தண்ணி பருக்கன், இந்த வெயிலுக்குத் தொண்டை காயுமெல்லோ" என்பார் அம்மம்மா. ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளை என்றால், "பாலிலயே தண்ணி இருக்கு அம்மம்மா, கூட ரெண்டு தரம் குடுக்கிறன்" என்று சொல்லுங்கள். தண்ணீரும் இளநீரும் அந்த வயதில் பாலின் இடத்தைப் பிடித்துவிடும். ஆறு மாதம் கடந்தால் சிறிது கொதித்தாறிய நீர் கொடுக்கலாம். தேன் மட்டும் ஒரு வயதுவரை நாக்கில் தடவவும் கூடாது. சாப்பாட்டுக்குக் குறைவில்லாத ஊர்: உப்பும் உறைப்பும் போடமுன் எடுத்த பருப்பும் சோறும், மசித்த வாழைப்பழம், அவித்த பூசணி.

எடுத்து வைத்த தாய்ப்பால் நான்கு மணித்தியாலம் வெளியில் இருக்கலாம் என்பது 25 பாகைவரை உள்ள அறைக்குரிய கணக்கு. இங்கே நிழலிலேயே 33 இருக்கும்போது அதைப் பின்பற்றாதீர்கள். எடுத்ததும் குளிர்சாதனப் பெட்டியில், இல்லாவிட்டால் ஐஸ் பொதியோடு காப்புப் பையில். ஐஸ் உறைந்தே இருந்தால் 24 மணித்தியாலம் தாங்கும்.

இரவுப் படுக்கைக்குத் தட்டையான உறுதியான மெத்தை, தலையணை இல்லை, நுளம்பு வலை நான்கு ஓரமும் மெத்தைக்குக் கீழ் செருகியிருக்க வேண்டும். ஏணை பகலில், ஒருவர் பக்கத்தில் விழித்திருக்கும்போது மட்டும். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, அதனால் பகல் தூக்கத்துக்கும் வலை வேண்டும்.

கோணேசர் கோயிலுக்கு ஏழு மணிக்கு முன் போய்விடுங்கள். கோயில் இருக்கும் பிரட்றிக் கோட்டைக்குள் ஓட்டோ மேலே ஏறும், வண்டிலை அறையிலேயே விட்டுவிடுங்கள். படியும் சரிவும் இருப்பதால் கேரியர்தான் பொருத்தம். செருப்பைக் கழற்றிய பின் வெயிலேறிய கல்லில் நடப்பவர் கால் பதறித் துள்ளும், மடியில் பிள்ளை இருக்கும்போது அது விழுகை. கோயில் நிற்கும் சுவாமிமலைப் பாறை விளிம்பில் காற்று பலம், தொப்பிக்குக் கட்டு இருக்கட்டும். கோட்டைக்குள் மான்கள் பழகியவை, கையில் வாழைப்பழம் தெரிந்தால் நேரே வரும். பிள்ளைக்கு மான் காட்டுவதற்குப் பழத்தைப் பைக்குள் வைத்துவிட்டு, சற்றுத் தள்ளி நில்லுங்கள். அந்த முகத்தில் வரும் வியப்புக்காகவே இவ்வளவு தூரம் வரலாம்.

ஞாயிறு, உப்புவெளி

கடற்கரைக்கு இரண்டு நேரம்தான்: காலை எட்டுவரை, மாலை நான்கரைக்குப் பின். ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு வெயில் களிம்பு பூசுவதில்லை, நிழலும் நீளக்கைப் பருத்திச் சட்டையுமே காப்பு. நுளம்புக் களிம்பு இரண்டு மாதத்துக்குக் கீழ் கூடாது, அதற்கு மேலும் கைவிரலில் பூசாதீர்கள், வாய்க்குத்தான் போகும். மணல் பட்ட பம்பர்ஸைத் துடைத்துத் திரும்பப் போட்டால் தொடையிடுக்கு உரசிப் புண்ணாகும். நல்ல தண்ணீர் ஒரு லீற்றர் கொண்டுபோய்க் கழுவி, துவாயால் ஒற்றி, புதிது போடுங்கள். வேர்க்குருவுக்குப் பவுடர் வேண்டாம், மூச்சுக்குள் போகும். குளிப்பாட்டிக் காற்றாட விட்டாலே ஆறும்.

புறாமலைத் தீவுக்குக் கைக்குழந்தையோடு தனியே போவதை நான் ஆதரிக்கவில்லை. படகில் பிள்ளைக்கு அளவான மிதவைச் சட்டை கிடைப்பது அரிது, கரையெல்லாம் உடைந்த பவளம், நிழல் குறைவு. பிள்ளை நடக்கும் வயதுக்குப் பிறகு வரலாம். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போகலாம், ஆனால் ஏழு கிணற்றுக்கும் ஏழு சூடு. குழந்தையின் குளிநீர் 37, 38 பாகைக்கு மேல் போகக்கூடாது. பெரியவர் கைக்கு இதமான வாளி, பிள்ளைத் தோலைச் சுடும். தரையும் ஈரவழுக்கல். நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

காய்ச்சல் 38 பாகை தாண்டி, வயது மூன்று மாதத்துக்குக் கீழ் என்றால் மருந்து கொடுத்துப் பார்க்காமல் நேரே வைத்தியசாலைக்கு. 1990 அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். வயிற்றோட்டத்துக்கு எந்தப் பாமசியிலும் ஜீவனி என்னும் உப்புக்கரைசல் மா கிடைக்கும், பைக்கற்றில் எழுதிய அளவு நீரில் முழுவதையும் கரைக்க வேண்டும். பாதி மாவைக் கண்மதிப்பில் கரைத்தால் உப்பின் அளவு பிழைத்துவிடும்.

திங்கள், திரும்பல்

பின்னாலிருந்து எண்ணுங்கள். இரவு எட்டு மணி விமானம்: மூன்று மணித்தியாலம் முன்பு நிலையம், ஆறு மணித்தியாலம் ஓட்டம், நிறுத்தங்களுக்கு ஒன்றரை. ஆக ஒன்பதரைக்கு வீட்டு வாசலில் வான் நிற்க வேண்டும். அதிகாலை விமானத்துக்கு நள்ளிரவில் காட்டு வழி ஓடுவதைவிட, முதல்நாளே போய் நீர்கொழும்பில் தங்குங்கள்.

வரும்போது கட்டிய பொதி முறை திரும்பும்போது குலைந்துவிடும், ஏனென்றால் பாதி தீர்ந்திருக்கும். நேற்றிரவே பாமசியில் பம்பர்ஸ் வாங்கி ஒன்பதாக்கிக் கட்டியாயிற்று. மாமி அன்போடு தரும் தயிர்ச்சட்டியைக் கைப்பையில் வைக்காதீர்கள். பிள்ளையின் உணவுக்கான விலக்கு அதற்குச் செல்லாது, சோதனையில் விட்டுவரச் செய்வார்கள். பனங்கட்டி எடுக்கலாம்.

வீடு சேர்ந்த பின் இரண்டு கிழமைக்கு ஒன்றைக் கவனியுங்கள். டெங்கு, நுளம்பு கடித்து நாலிலிருந்து பத்து நாளுக்குள் பெரும்பாலும் தெரியும், பதினாலுவரை போகலாம். அதற்குள் காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் முதலில் சொல்ல வேண்டியது திருகோணமலை போய் வந்த திகதி. அதுவரை பரசிற்றமோல் மட்டும், இபுபுரூபனும் அஸ்பிரினும் கொடுக்க வேண்டாம், இரத்தக் கசிவைக் கூட்டும்.